மாமியாரின் பாட்டியைப் பெற்றவள் யார்? ஜார்ஜியாவில் ஒரு தேடல்

பருத்திக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில அட்லாண்டா பக்கம் பதினாறு வருஷமா இருக்கேன். வீட்டுக்காரர் ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். மாமியாருக்கு 84 வயசு. போன மாசம் பட்டாணி உரிச்சுக்கிட்டே, "எங்க பாட்டியைப் பெத்தவ யாருன்னு தெரியாமலே நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல"ன்னாங்க. நாலு பிள்ளைகள் இருக்காங்க, ஒருத்தரும் காதுல போட்டுக்கல. மருமக மாட்டிக்கிட்டேன்.

தெரிஞ்சதைச் சொல்றேன். இது அவங்க அம்மாவோட அம்மா. 1884 வாக்கில் மேற்கு ஜார்ஜியாவில், அலபாமா எல்லை ஓரமா பிறந்தவங்க. சொந்த நிலம் கிடையாது, விளைச்சல்ல பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுத குடும்பம். 1951-ல் இறந்தப்ப மாமியாருக்குப் பத்து வயசு. பாட்டி மூக்குப்பொடியைக் கீழ் உதட்டுக்குள்ள அடக்கிக்கிட்டே இருப்பாங்களாம். மாவு மூட்டைத் துணியில தைச்ச ஏப்ரன் கட்டிக்கிட்டு, வெறுங்காலோட பருத்தி எடுப்பாங்களாம்.

இறப்புச் சான்றிதழ் வாங்கிட்டேன். தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடு. தாய் பேருக்கு "தெரியாது". தகவல் கொடுத்தது பெத்த மகன்! பாட்டி பேரும் எழுத்துப்பிழையோட இருக்கு. 1901-ல் கல்யாணம் ஆன பதிவு கிடைச்சது, அதுல ஒரு குடும்பப் பேர் இருக்கு. அந்தப் பேரை வச்சு 1900 சென்சஸ்ல தேடினா அந்தப் பொண்ணே இல்லை. வீட்டுல ஒரு கதையும் ஓடுது, பாட்டியோட அம்மா செரோக்கிங்கிற அமெரிக்கப் பூர்வகுடி இளவரசியாம். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

மான்ட்கோமரி மாமா:
அலபாமாவில் 31 வருஷம். ஓய்வுக்கு அப்புறம் வாரத்தில் ரெண்டு நாள் நூலகத்தில் குடும்ப வரலாற்றுப் பிரிவில் உட்காருகிறேன். உங்க கதை மாதிரி மாசத்துக்கு நாலு வரும்மா.

முதல்ல அந்த மகனைத் திட்டாதீங்க. அம்மா செத்த அன்னிக்கு ஒருத்தன் படிவத்தை நீட்டி, உன் பாட்டியோட பிறந்த வீட்டுப் பேர் என்னன்னு கேட்டா யாருக்கு வாயில வரும்?

அப்புறம் அவங்க பிறந்த வருஷமே வில்லங்கம். 1884-ல் பிறந்த குழந்தையைப் பெத்தவங்களோட பார்க்க வேண்டிய சென்சஸ் 1890. அது 1921-ல் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்துல பிடிச்ச தீயில பெரும்பகுதி போச்சு, மிச்சத்தை அரசாங்கமே 1930-களில் அழிச்சது. ஆக, ஒரு கிராமத்துப் பொண்ணு காகிதத்துல முதல்ல தலை காட்டறதே பதினாறு வயசுல. அடுத்த வருஷமே கல்யாணம், பேர் மாறிடும். சமூகப் பாதுகாப்புன்னு அரசாங்க ஓய்வூதியத் திட்டம் ஒண்ணு, அதோட விண்ணப்பத்துல தாயோட பிறந்த வீட்டுப் பேர் கேட்பாங்க, பெரிய உதவி. ஆனா அதைக் கொண்டுவந்த 1935 சட்டம் வயல் கூலிகளையும் வீட்டு வேலைக்காரங்களையும் வெளியே நிறுத்திடுச்சு. நிலமில்லாததால பத்திரம் இல்லை. சொத்தில்லாததால உயில் இல்லை.

அதனால அவங்களைத் தேடாதீங்க, சுத்தி இருந்தவங்களைத் தேடுங்க. கூடப் பிறந்தவங்க எங்கே செத்தாங்க? ஜார்ஜியாவில் மாநில அளவில் இறப்புப் பதிவு 1919-ல்தான் ஆரம்பம். அலபாமாவில் 1908. எல்லை தாண்டிப் போய்ச் செத்த ஒரு அண்ணனோ தம்பியோ இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். கல்லறையில பக்கத்துக் கல்லையும் படிங்க. சென்சஸ்ல ஒரு பக்கத்தோட நிறுத்தாம முன்னாடி பின்னாடி நாலு பக்கம் புரட்டுங்க. வாரக்காரங்க வருஷா வருஷம் டிசம்பர்ல கணக்கு முடிச்சு வேற பண்ணைக்கு மாறுவாங்க. ஆனா தனியா மாற மாட்டாங்க, மாமன் மச்சான் எல்லாம் கூடவே நகரும்.

சும்மா வந்தேன்:
நம்ம கொள்ளுப்பாட்டி பேரே நமக்குத் தெரியாது. இதுல வெள்ளைக்காரி கொள்ளுப்பாட்டிக்கு ஆராய்ச்சியா? 😀

பருத்திக்காடு:
சரியாத்தான் சொல்றீங்க. அப்பா வழியில ஆறு தலைமுறை பேர் எங்க வீட்டுச் சாமிகும்பிடுல சொல்லுவாங்க, எல்லாம் ஆம்பளைப் பேர். அம்மாச்சியோட அம்மா பேர் எனக்குத் தெரியாது. மாமியார் சொன்னது அதனாலதான் சுருக்குனு பட்டுச்சு. அங்கே தேட ஒரு சென்சஸ் தாளாவது இருக்கேன்னு இறங்கிட்டேன்.

கோவக்காய்:
செரோக்கி இளவரசியை முதல்ல குப்பையில போடுங்க. செரோக்கி மக்கள்கிட்ட ராஜா ராணியே கிடையாது, அப்புறம் எங்கேர்ந்து இளவரசி? அவங்க குலம் தாய் வழி. அம்மா எந்தக் குலமோ பிள்ளையும் அந்தக் குலம். உண்மையிலேயே கொள்ளுப்பாட்டி செரோக்கின்னா குலத்தோட பேராவது வீட்ல மிஞ்சியிருக்கணும். தெற்கு மாநிலங்கள்ல எந்த வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தாலும் இந்தக் கதையைக் கேக்கலாம். சில குடும்பங்கள்ல கறுப்பின மூதாதையரை மறைக்கவும் இதைச் சொல்லியிருக்காங்க.

மான்ட்கோமரி மாமா:
கோவக்காய், கதை பொய்யா இருக்கலாம். ஆனா பொய்யை நம்பினவங்க விட்டுப்போன காகிதம் நிஜம். குப்பையில போடாதீங்க.

1838-ல் செரோக்கி மக்களைத் துரத்தினப்ப உண்டான பாக்கிக்காக, 1900-களின் தொடக்கத்துல கோர்ட்டு ஒரு தொகையைத் தீர்ப்பாக்குச்சு. யாருக்குப் பங்குன்னு பட்டியல் போட கயன் மில்லர்னு ஒரு அதிகாரி. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி 1907 ஆகஸ்ட் 31. வந்து குவிஞ்சது 45 ஆயிரத்துக்கு மேல! தகுதின்னு ஏத்துக்கிட்டது 30 ஆயிரம் சொச்சம் பேர், அதுலயும் மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்கே மூவாயிரத்துச் சொச்சம்தான். தலைக்குக் கிடைச்சது சுமார் 133 டாலர். ஜார்ஜியா, அலபாமாவில் "எங்க பாட்டி செரோக்கி"ன்னு எழுதிப் போட்ட ஏழை வெள்ளைக்காரங்க ஏராளம். கிட்டத்தட்ட எல்லாமே தள்ளுபடி.

தள்ளுபடி ஆனாலும் விண்ணப்பத்தைத் தூக்கிப் போடல. தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, படம் பிடிச்சும் வச்சிருக்காங்க. அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, தாத்தா பாட்டி ரெண்டு பக்கமும், அத்தை மாமா எல்லார் பேரும் கேட்டிருப்பாங்க. வேற எங்கேயும் ஒரு ஏழை உழவனை உட்கார வச்சு இத்தனை கேள்வி கேட்டதில்லை.

ராலே ராசு:
இழையைக் கொஞ்சம் திருப்புறேன், மன்னிக்கணும். என் மனைவி தென் கரோலினா, கறுப்பினத்தவர். அவங்க பக்கம் தேடினா 1870-ல் சுவர்ல முட்டும். பேரோட கறுப்பின மக்கள் எல்லாரையும் எழுதின முதல் சென்சஸ் அதுதான். 1850-லயும் 1860-லயும் அடிமைகளுக்குன்னு தனிப் பட்டியல்: மேலே முதலாளி பேர், கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம். பேர் இல்லை.

எல்லாரும் பார்த்த ஒரு உதாரணம் மிஷெல் ஒபாமாவோட முன்னோர்ல ஒருத்தர், மெல்வினியா. 1850-ல் தென் கரோலினா ஸ்பார்டன்பர்க் பகுதியில டேவிட் பேட்டர்சன்னு ஒருத்தர் எழுதின உயில்ல ஆறு வயசுக் குழந்தையா அவங்க பேர் வருது. ரெண்டு வருஷத்துல அவர் சாக, சொத்து மதிப்புப் பட்டியல்ல குழந்தைக்கு 475 டாலர்னு விலை. அப்புறம் ஜார்ஜியாவில ரெக்ஸ்ங்கிற இடத்துல ஹென்றி ஷீல்ட்ஸ் பண்ணைக்கு அனுப்பினாங்க. அவர் பேட்டர்சனோட மருமகன். பதினைஞ்சு வயசு வாக்குல டால்ஃபஸ்னு மகன் பிறந்தான், தகப்பன் வெள்ளைக்காரன். 2012-ல் மரபணுச் சோதனை அந்தப் பண்ணை வீட்டு மகனைக் கைகாட்டுச்சு. மெல்வினியா 1938-ல் இறந்தாங்க. சான்றிதழ்ல அப்பா அம்மா பேர் இருக்க வேண்டிய இடத்துல என்ன எழுதியிருக்குன்னு நினைக்கறீங்க? "தெரியாது."

எனக்கு இதுல தைக்கிற விஷயம் இன்னொண்ணு. விடுதலைக்கு அப்புறமும் 1870-ல் அவங்க அதே ஷீல்ட்ஸ் நிலத்துக்குப் பக்கத்துலதான் கூலி வேலை பார்த்தாங்க. அதுக்கப்புறம் கிளம்பிப் போய், சின்ன வயசுல பேட்டர்சன் பண்ணையில கூட இருந்த மரையா, போலஸ் ஈஸ்லி தம்பதியோட பார்டோ கவுண்டியில குடியேறினாங்க. அவங்க பொண்ணைத்தான் டால்ஃபஸ் கட்டினான். இருபது, முப்பது வருஷம் கழிச்சு, எழுதப் படிக்கத் தெரியாம, எப்படித் தேடிப் பிடிச்சாங்களோ.

பருத்திக்காடு:
ராசு அண்ணா, இதைப் படிச்சதும் என் கேள்வியே கூச்சமா இருக்கு.

ராலே ராசு:
அட, போட்டியா என்ன. ஒரே ஒரு உதவி மட்டும். உங்க கவுண்டியில பழைய உயில் புத்தகம் புரட்டும்போது சொத்தா எழுதின மனுஷங்க பேர் கண்ணுல பட்டா, உங்க குடும்பம் இல்லைன்னு தள்ளிட்டுப் போயிடாம படம் எடுத்துப் போடுங்க. எங்க ஆளுங்க பேர் இருக்கிறது உங்க ஆளுங்க காகிதத்துலதான்.

பருத்திக்காடு (மூன்று வாரம் கழித்து):
கிடைச்சுட்டா! 1900 சென்சஸ்ல இருந்திருக்கா. ஆனா வேற குடும்பப் பேர்ல. கல்யாணப் பதிவுல இருந்த பேரை "ப"ன்னு வச்சுக்குங்க, இது "க". முதல் பேரையும் பிழையா எழுதி வச்சிருக்கான் அந்தக் கணக்கெடுத்தவன். மாமா சொன்ன மாதிரி மாப்பிள்ளை வீட்டைப் பிடிச்சு, அதுக்கு முன்னாடி பக்கம் புரட்டினேன். மூணாவது வீடு. வீட்டுத் தலைவர் க, மனைவி, மகள் 1884 மார்ச், அப்புறம் சின்னப் பசங்க மூணு. பிறந்த மாசம் கல்லறைக் கல்லோட பொருந்துது. அப்போ இவர்தானே அப்பா? கல்யாணத்துல ஏன் "ப"ன்னு எழுதினாங்க?

மான்ட்கோமரி மாமா:
அந்த வரியை முழுசாப் படிங்க. 1900-ல் பல சென்சஸ்ல இல்லாத சில கட்டங்கள் இருக்கு. தாய்க்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்னு போட்டிருக்கு? எத்தனை பெத்தாங்க, எத்தனை உயிரோட?

பருத்திக்காடு:
கல்யாணம் ஆகி 9. பெத்தது 6, உயிரோட 4.

ஐயோ. ஒன்பது வருஷம்னா 1891. பொண்ணு 1884!

மான்ட்கோமரி மாமா:
அதேதான். க மாற்றாந்தகப்பன். கணக்கெடுத்தவன் வீட்ல இருந்த எல்லாருக்கும் தலைவர் பேரையே போட்டு, "மகள்"னு எழுதிட்டுப் போயிட்டான். ப-ன்னு முதல் புருஷன் ஒருத்தன் இருந்திருக்கலாம். 1910 சென்சஸ்ல அந்த அம்மாவைப் பாருங்க. ரெண்டாம் கல்யாணம்னா எம்-2ன்னு போடுவாங்க.

பருத்திக்காடு:
1910: எம்-1. இது எப்படி?

கோவக்காய்:
😬 எப்படின்னு எனக்குப் புரியுது. மாமா வாயால வரட்டும்.

மான்ட்கோமரி மாமா:
அவசரப்பட வேண்டாம். ஒரு எழுத்தை வச்சு ஒருத்தி வாழ்க்கையை எழுதக் கூடாது. கணக்கெடுத்தவங்க தப்பும் போடுவாங்க, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு எழுதிட்டும் போவாங்க. அந்த மூணு சின்னப் பசங்க எங்கே போனாங்கன்னு பாருங்க.

பஞ்சாலைப் பையன்:
கோயம்புத்தூர்க்காரன், சும்மா படிச்சுக்கிட்டிருக்கேன். 1915 வாக்குல பருத்தியைத் தின்னுற கூன்வண்டு ஜார்ஜியாவுக்குள்ள நுழைஞ்சப்ப வாரக்காரங்க கூட்டம் கூட்டமா நூல் மில்லுக்குப் போனதாப் படிச்சிருக்கேன். சட்டஹூச்சி ஆத்தோரமா வெஸ்ட் பாயின்ட், லேனெட்னு வரிசையா மில் ஊர்கள். லேனெட் அலபாமா பக்கம். அங்கே தேடிப் பார்த்தீங்களா?

பருத்திக்காடு (பன்னிரண்டு நாள் கழித்து):
பஞ்சாலைப் பையனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கணும். கடைசித் தம்பி மில்லுல வேலைக்குப் போய் 1932-ல் அலபாமா பக்கம் இறந்திருக்கார். சான்றிதழ் வந்துடுச்சு. தகப்பன் க. தாய், பிறந்த வீட்டுப் பேரோட: ப.

அதாவது ப-ங்கிறது முதல் புருஷன் பேர் இல்லை. அந்த அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரே ப. 1880 சென்சஸ்ல பதினஞ்சு வயசுப் பொண்ணா ப வீட்ல அவங்க இருக்காங்க. அண்ணன் ஒருத்தன், தங்கச்சி ரெண்டு பேர். பாட்டி பிறந்தது 1884. அம்மா கல்யாணம் 1891. இதுக்கு மேல நான் சொல்லணுமா.

எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்லை. மாமியார் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க. சொல்லவா வேணாமா?

சும்மா வந்தேன்:
சொல்லாதீங்க. 84 வயசுல எதுக்கு? தாய் பேர் கேட்டாங்க, தாய் பேரைக் கொடுங்க. முடிஞ்சது.

கோவக்காய்:
கேட்டவங்க அவங்க. வடிகட்டிக் கொடுக்க நாம யாரு? அதோட மாமியாரையே மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுக்கச் சொல்லுங்க. வீட்ல மூத்த தலைமுறை அவங்கதான், கொள்ளுப்பாட்டி வழி சராசரியா எட்டுல ஒரு பங்கு அவங்ககிட்ட இருக்கும். உங்க வீட்டுக்காரர்கிட்ட அது பாதிதான். பாட்டியைப் பெத்த தகப்பன் யாருங்கிறதும் ஒருவேளை தெரியலாம்.

சும்மா வந்தேன்:
அந்தத் தகப்பனோட பேரன் பேத்தி இன்னிக்கு அதே சர்ச்சுல முன் வரிசையில உட்கார்ந்திருந்தா? கிராமம்ங்க அது.

ராலே ராசு:
என் மாமனார் குடும்பத்துல தகப்பன் யாருன்னு ஊருக்கே தெரியும், காகிதத்துல மட்டும் இருக்காது. இதுல வெட்கப்பட வேண்டியது பத்தொன்பது வயசுப் பொண்ணு இல்லை. நான் என்ன சொல்வேன்னா, கேட்டுட்டுச் சொல்லுங்க. "கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது ஒண்ணு இருக்கு, கேக்கறீங்களா?"ன்னு.

நெறியாளர்:
ஊர், சர்ச், குடும்பப் பெயர் யாரும் ஊகித்து எழுத வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

பருத்திக்காடு (ஒரு மாதம் கழித்து):
வேலைக்கு நடுவுல எழுத முடியல, மன்னிச்சுக்குங்க. மூணு விஷயம்.

ராசு அண்ணா, கோர்ட் ஹவுஸ்ல உயில் புத்தகம் புரட்டினேன். எங்க ஆளுங்க ஒருத்தரும் அதுல இல்லை, எழுதி வைக்க ஒண்ணுமில்லாதவங்க. ஆனா 1857-ல் பக்கத்து நிலக்காரர் ஒருத்தரோட சொத்துப் பட்டியல்: கோவேறு கழுதை, இறகு மெத்தை, அதுக்குக் கீழே நாலு பேர். நாலுக்கும் பேர் இருக்கு, விலையும் இருக்கு. ஒரு பொண்ணும் அவ கைக்குழந்தையும் சேர்த்து ஒரே விலை. படம் அனுப்பியிருக்கேன். அதைப் பார்த்துட்டு கார்ல கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ரெண்டாவது, மாமியார் சோதனை கொடுத்தாங்க. அம்மா, அம்மாவோட அம்மான்னு நேர் தாய்வழியில வர்ற மரபணு "ஹெச்"ங்கிற பிரிவு. ஐரோப்பாவில ரொம்பச் சாதாரணமாம். இளவரசி போயிட்டா. அத்தோட போதும்னுட்டாங்க. பாட்டியோட தகப்பனைத் தேட வேணாமாம். "அந்த ஆள் எங்களைத் தேடல, நான் எதுக்கு அவனைத் தேடணும்?" ஆமா, சொல்லிட்டேன். ராசு அண்ணா சொன்ன மாதிரி கேட்டுட்டுத்தான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அதான் அம்மா அந்தப் பக்கத்துச் சொந்தம் யாரையும் வீட்டுக்கு அழைச்சதில்லையா"ன்னு அவங்களாவே சொல்லிக்கிட்டாங்க.

மூணாவது. மாமா, உங்க தள்ளுபடி விண்ணப்பம்! ப குடும்பப் பேரை வச்சுத் தேடினேன். 1880-ல் அந்த வீட்ல இருந்த அண்ணன் 1907-ல் போட்டிருக்கார். "என் தாயின் தாய் செரோக்கி"ன்னு எழுதியிருக்கார். தாய், தாயோட பிறந்த வீட்டுப் பேர், பாட்டி பேர், பாட்டி வட கரோலினாவில பிறந்ததுன்னு எல்லாம் இருக்கு. முன்னோர் யாரும் பழைய செரோக்கிப் பட்டியல்கள்ல இல்லைன்னு தள்ளிட்டாங்க. நியாயம்தான். ஆனா மாமியாருக்கு ஒரு பேர் தேடப் போய் நாலு தலைமுறைப் பெண்கள் பேர் கையில இருக்கு.

கூடப் பிறந்தவங்க பேரைப் படிவம் கேட்டிருக்கு. அவங்க பிள்ளைங்க பேரைக் கேக்கல. அவரா, கடைசியில "குறிப்பு"ன்னு விட்டிருந்த இடத்துல, தங்கச்சி பிள்ளைகளுக்கும் பங்கு வரணும்னு வரிசையா எழுதியிருக்கார். முதல் பேர் நம்ம பாட்டி. ப-ங்கிற குடும்பப் பேரோட, வயசு 23, கல்யாணம் ஆனவள்னு.

மான்ட்கோமரி மாமா:
தாய்மாமன்.

பஞ்சாலைப் பையன்:
133 டாலருக்காகன்னும் சொல்லலாம்.

மான்ட்கோமரி மாமா:
பங்கு கேட்டது தங்கச்சி பிள்ளைகளுக்குத்தானே தம்பி. அவர் பையிலயா போகுது? அந்தப் பொண்ணை விட்டுட்டு எழுதியிருந்தா யாரும் கேட்டிருக்கப் போறதில்லை. மாமியார் பார்த்தாங்களாம்மா?

பருத்திக்காடு:
பெரிசா அச்சடிச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வச்சு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. சென்சஸ்ல தப்பு, கல்யாணப் பதிவுல முதல் பேர் தப்பு, இறப்புச் சான்றிதழ்ல மகன் சொன்னதுலயே தப்பு. "இவர் ஒருத்தர்தான் அவ பேரைச் சரியா எழுதியிருக்கார்"னாங்க.

அப்புறம் அவர் எங்கே புதைஞ்சிருக்கார்னு கேட்டாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம், ரெண்டு மணி நேரம் ஓட்டணும். சனிக்கிழமை போறோம். மாமா, பழைய கல்லுல எழுத்து மங்கியிருந்தா எப்படிப் படிக்கறது? சாக்பீஸ் தேய்க்கலாமா?

மான்ட்கோமரி மாமா:
சாக்பீஸ் கூடவே கூடாது, கல்லு அரிக்கும். காலையிலயோ சாயங்காலமோ போங்க, சாய்ஞ்ச வெயில்ல எழுத்து தானா எழும்பும். ஒரு கண்ணாடி எடுத்துட்டுப் போய் வெயிலைப் பக்கவாட்டுல திருப்பிவிட்டாலும் தெரியும். தண்ணி பாட்டிலும், மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலியும்.